'இன்னும் அஞ்சு நிமிஷம்மா...': எல்.கே.ஜி. பிள்ளை காலையில் எழ மறுப்பது ஏன்? சரிசெய்வது எப்படி?

காலை 6.45. அடுக்களையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிட்டது. ஸ்கூல் வேன் தெருமுனைக்கு வர இன்னும் ஒரு மணி நேரம்தான். நான்கு வயதுப் பிள்ளை போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு கிடக்கிறது.

"எழுந்திரு கண்ணா, டைம் ஆச்சு."

பதில் இல்லை.

"வேன் மாமா வந்துடுவாரு..."

"இன்னும் அஞ்சு நிமிஷம்மா..."

அடுத்த பத்து நிமிடத்தில் கெஞ்சல் அதட்டலாக மாறும். தூக்கிக்கொண்டு போய் பாத்ரூமில் நிறுத்தி, அரைத் தூக்கத்திலேயே பல் தேய்த்துவிட்டு, அழுகையோடு யூனிஃபார்ம் மாட்டி, மொபைலில் கார்ட்டூன் காட்டி இரண்டு வாய் இட்லி ஊட்டுவதற்குள் வேன் ஹாரன் கேட்டுவிடும். வேன் போன பிறகு லேப்டாப்பைத் திறந்து உட்காரும் அம்மாவின் மனசுக்குள் ஒரு குடைச்சல்: 'காலங்காத்தால பிள்ளையைத் திட்டி அழவச்சு அனுப்பிட்டோமே!'

ப்ரீ-கே.ஜி., எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் வாரத்துக்கு ஐந்து நாள் ஓடும் காட்சி இது. இதற்குப் பெரியவர்கள் வைக்கும் பெயர் 'அடம்', 'சோம்பேறித்தனம்'. பெரும்பாலான நேரங்களில் இரண்டுமே இல்லை. காலை 6.45-க்கு நடக்கும் சண்டை முந்தைய நாள் இரவே தொடங்கிவிடுகிறது. சில நேரம் முந்தைய நாள் மதியம் 3 மணிக்கு. ஏன், போன ஞாயிற்றுக்கிழமைகூட தொடங்கியிருக்கலாம்.

எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன்படி 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் தேவை. பகல் தூக்கமும் இந்தக் கணக்கில் சேரும். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் 3 முதல் 5 வயதுக்குச் சொன்ன அளவும் இதேதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் பலரும் கவனிக்காத ஒரு வரி உண்டு. தூங்கும் நேரமும் எழும் நேரமும் தினமும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதே அது. எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்பதோடு, எப்போது தூங்குகிறார்கள் என்பதும் முக்கியம்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரவு 10.30-க்குத் தூங்கி, காலை 6.45-க்கு எழுந்தால் மொத்தம் எட்டேகால் மணி நேரம். குறைந்தபட்ச அளவான 10 மணி நேரத்துக்கே ஒன்றேமுக்கால் மணி நேரம் இடிக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளுக்குக் கூட்டினால் எட்டேமுக்கால் மணி நேரம். அதாவது, பகலில் தூங்காத பிள்ளை ஒவ்வொரு வாரமும் கிட்டத்தட்ட ஒரு முழு இரவுத் தூக்கத்தை இழக்கிறது.

வீட்டில் இருந்தவரை மதியத் தூக்கம் இந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருந்தது. எல்.கே.ஜி. சேர்ந்ததும் அந்த மதியத் தூக்கம் போய்விடுகிறது. இரவு நேரம் மட்டும் மாறவில்லை. 'ப்ளே ஸ்கூல் போறப்ப நல்லாத்தான் எழுந்தான், இப்பதான் இப்படி' என்று பல பெற்றோர் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தூக்கம் குறைந்த பெரியவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு சோர்ந்து உட்காருவார்கள். குழந்தைகள் பலர் நேர்மாறு: துறுதுறுவென்று ஓடுவார்கள், சின்ன விஷயத்துக்கும் கத்துவார்கள், அழுவார்கள். 'இவ்வளவு எனர்ஜியோட இருக்கான், தூக்கமே வரலபோல' என்று இரவு 9.30-க்கு நினைத்தால், அநேகமாக அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வந்து, அந்த நேரம் தாண்டிப்போயிருக்கும்.

உடலுக்குள் நடப்பது என்ன?

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் இயக்குகின்றன. 1982-ல் அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் தூக்க மருத்துவத்தின் அடிப்படைப் பாடம்.

முதலாவது, தூக்க அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் போன்ற வேதிப்பொருட்கள் சேர்கின்றன. சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். தூங்கினால் அது கரையும். மாலை 5 மணி வரை மதியத் தூக்கம் போட்ட பிள்ளையிடம் இரவு 9 மணிக்கு இந்த அழுத்தம் போதுமான அளவு இருக்காது.

இரண்டாவது, உடலின் உள் கடிகாரம். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள ஒரு சின்ன நரம்புக் கூட்டம்தான் இதன் தலைமையகம். இந்தக் கடிகாரம் செல்களுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இருட்டத் தொடங்கியதும் இந்தக் கடிகாரம் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் சொல்கிறது. 'ராத்திரி ஆயிடுச்சு' என்று உடம்புக்குச் சொல்லும் தகவல் அது. விடியலில் மெலடோனின் குறைந்து, கார்டிசோல் ஏறி, உடம்பு எழத் தயாராகும்.

பிரச்னை இங்கேதான். தினமும் 10.30-க்குத் தூங்கிப் பழகிய பிள்ளையின் கடிகாரத்தில் காலை 6.45 என்பது இன்னும் நள்ளிரவின் நீட்சி. நாம் எழுப்பும்போது உடம்பு எழும் வேலையையே தொடங்கியிருக்காது. அந்த நேரத்தில் பிள்ளை கேட்பது அடம் அல்ல. பெரியவர்களை அதிகாலை 3 மணிக்கு எழுப்பி, 'குளிச்சிட்டு வா, மீட்டிங் இருக்கு' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதேதான்.

பிடியை எங்கே பிடிப்பது?

'சீக்கிரம் தூங்கவைத்தால் சீக்கிரம் எழுந்துவிடும்' என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால், 'தூங்கு' என்று கட்டளை போட்டு யாரையும் தூங்கவைக்க முடியாது. 10.30-க்குத் தூங்கும் பிள்ளையை இன்று முதல் 8.30-க்குப் படுக்கவைத்தால், இரண்டு மணி நேரம் தண்ணீர், பாத்ரூம், இன்னொரு கதை என்று இழுத்து, வழக்கம்போல 10.30-க்குத்தான் தூங்கும். வழக்கமான தூக்க நேரத்துக்குச் சற்று முன்பு உடல் கடிகாரம் விழிப்பைத் தூக்கிப் பிடிக்கும் என்பதால், அந்த நேரத்தில் தூங்கவைப்பது இன்னும் கஷ்டம்.

ஆனால் எழுப்ப முடியும். அதனால்தான் எழும் நேரத்தை முதலில் ஆணியடித்ததுபோல் நிறுத்த வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, எழுந்ததும் வெளிச்சம் பட்டால், உள் கடிகாரம் அன்றைய நாளை அங்கிருந்து எண்ணத் தொடங்கும். சில நாட்களில் இரவுத் தூக்கமும் முன்னால் நகரும்.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு ஒரு வசதி உண்டு. குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் பிள்ளைகள் இருட்டிலேயே பள்ளிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். சென்னையில் சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 5.40-க்கும் 6.35-க்கும் இடையில்தான். எழுப்பும் நேரத்தில் வெளிச்சம் வாசலில் தயாராக இருக்கிறது. பிள்ளையை அதன் முன்னால் கொண்டுபோனால் போதும். பால்கனி, மொட்டை மாடி, கோலம் போடும் வாசல் எதுவானாலும் சரி, 10 முதல் 15 நிமிடம் அங்கே உட்காரட்டும். டியூப்லைட் எவ்வளவு பிரகாசமாகத் தெரிந்தாலும் காலை வெளிச்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

இரவு வெளிச்சம்: பெரியவர் கண் வேறு, பிள்ளைக் கண் வேறு

காலையில் நண்பனாக இருக்கும் அதே வெளிச்சம், இரவில் எதிரி. அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் நடந்த இரண்டு ஆய்வுகள் இதைக் காட்டின.

2018-ல் வெளியான முதல் ஆய்வில், தூங்கப்போகும் முன் ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் விளையாடிய குழந்தைகளுக்கு மெலடோனின் சுமார் 88 சதவீதம் குறைந்தது. 2022-ல் வெளியான இரண்டாவது ஆய்வில் 36 குழந்தைகள் பங்கேற்றனர். வெவ்வேறு அளவு வெளிச்சத்தில் சோதித்தபோது, மெலடோனின் 70 முதல் 99 சதவீதம் வரை குறைந்தது. மங்கலான அறை என்று நாம் நினைக்கும் 5 முதல் 40 லக்ஸ் வெளிச்சத்திலேயே சராசரியாக 78 சதவீதம் சரிவு. விளக்கை அணைத்து 50 நிமிடம் கழித்தும் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் மெலடோனின் அளவு மீண்டு வரவில்லை.

சின்னப் பிள்ளைகளின் கண் லென்ஸ் தெளிவானது, கருமணியின் திறப்பும் பெரிது. அதனால் பெரியவர்களைவிட அதிக வெளிச்சம் உள்ளே போகிறது. இரவு 9 மணிக்கு ஹாலில் இரண்டு டியூப்லைட், டி.வி.யில் சீரியல், கையில் மொபைல் என்று இருந்தால், பிள்ளையின் மூளைக்கு இன்னும் மாலைதான் நடந்துகொண்டிருக்கிறது.

ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் ஸ்கிரீன் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம், இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமி இரண்டின் பரிந்துரையும். இரண்டு வயதுக்குக் கீழே அதுவும் வேண்டாம் என்கிறது இந்திய அகாடமி. அந்த ஒரு மணி நேரத்தை இரவு உணவுக்கு முன்பே முடித்துவிடுவது, எழுப்பும் வேலையைப் பாதி குறைக்கும்.

'அப்பா வரட்டும், அப்புறம் தூங்குறேன்'

பல வீடுகளில் தூக்கம் தள்ளிப்போக உண்மையான காரணம் மொபைல் அல்ல. அப்பா வீட்டுக்கு வருவதே 9.15 மணிக்கு. அல்லது அம்மாவுக்கு இரவு 9.30 வரை கிளையன்ட் கால். நாள் முழுவதும் காத்திருந்த பிள்ளைக்கு அதுதான் அன்றைய நாளின் பெரிய சந்தோஷம். அந்த நேரத்தில், 'போய்த் தூங்கு' என்று சொல்ல எந்தப் பெற்றோருக்கும் மனசு வராது. வரவும் வேண்டாம்.

இதற்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. நடைமுறையில் இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, அந்தச் சந்திப்பைக் காலைக்கு மாற்றுவது. இரவு தாமதமாக வரும் அப்பாதான் காலையில் எழுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். மாடியில் 15 நிமிடம், குளிப்பாட்டுவது, வேன் ஏற்றுவது எல்லாம் அப்பா பொறுப்பு. 'எழுந்தா அப்பாவோட மாடிக்குப் போகலாம்' என்பது, 'எழுந்தா ஸ்கூலுக்குப் போகணும்' என்பதைவிட நல்ல காரணம்தானே!

இரண்டு, இரவுச் சந்திப்பைச் சின்னதாக, அமைதியாக வைத்துக்கொள்வது. 8 மணிக்குள் சாப்பாடு, பல் தேய்ப்பு எல்லாம் முடிந்து, பிள்ளை படுக்கையில் இருக்கும்போது அப்பா வருகிறார் என்றால், ஹால் விளக்கைப் போட்டுத் தூக்கிச் சுற்றாமல், மங்கலான வெளிச்சத்தில் பக்கத்தில் படுத்து ஒரு கதை. பொம்மையோ சாக்லேட்டோ வாங்கி வந்திருந்தால் அது காலையில். வார நாட்களில் ஒரு நாள் சீக்கிரம் வர முடிந்தால், அந்த நாளைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

14 நாள் திட்டம்

கோடை விடுமுறையில் இரவு 10.30-க்குத் தூங்கி, காலை 8.30-க்கு எழும் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். 10 மணி நேரம் தூங்குகிறது, அளவில் குறையில்லை. ஆனால் ஜூனில் பள்ளி திறந்ததும் 6.45-க்கு எழ வேண்டும். ஒன்றேமுக்கால் மணி நேரம் முன்னால் நகர்த்த வேண்டும். கால் மணி நேரம் வீதம் நகர்த்தினால் ஏழு படிகள். ஒரு படிக்கு இரண்டு நாள் என்றால் 14 நாள்.

* நாள் 1, 2: காலை 8.15-க்கு எழுப்புங்கள், இரவு 10.15-க்குப் படுக்கை.
* நாள் 3, 4: காலை 8.00, இரவு 10.00.
* நாள் 5, 6: காலை 7.45, இரவு 9.45.
* நாள் 7, 8: காலை 7.30, இரவு 9.30.
* நாள் 9, 10: காலை 7.15, இரவு 9.15.
* நாள் 11, 12: காலை 7.00, இரவு 9.00.
* நாள் 13, 14: காலை 6.45, இரவு 8.45.

தூக்கத்தோடு சேர்த்து காலை டிபன், மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு எல்லாவற்றையும் அதே கால் மணி நேரம் நகர்த்த வேண்டும். 9 மணிக்குச் சாப்பிடும் பிள்ளை 8.45-க்குத் தூங்காது.

பள்ளி ஏற்கெனவே திறந்துவிட்டது, சண்டையும் தொடங்கிவிட்டது என்றால்? காலை நேரம் ஏற்கெனவே நின்றுவிட்டது. இரவு நேரத்தை மட்டும் இரண்டு நாளுக்குக் கால் மணி நேரம் வீதம் முன்னால் கொண்டுவந்தால் போதும்.

8.45 எங்கள் வீட்டில் நடக்கவே நடக்காது என்பவர்களுக்கு: 9.15-க்குத் தூங்கி, 6.45-க்கு எழுந்து, பள்ளி விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் தூங்கினால் பத்தரை மணி நேரம் ஆகிவிடும். அதுவும் போதுமான அளவுக்குள்தான் வருகிறது.

மதியத் தூக்கம் வேண்டுமா, வேண்டாமா?

3 வயதில் பல பிள்ளைகளுக்கு மதியத் தூக்கம் தேவைப்படும். 5 வயதுக்குள் பெரும்பாலானவர்கள் அதைத் தானாகவே விட்டுவிடுவார்கள். எனவே 'கண்டிப்பாகத் தூங்கணும்', 'தூங்கவே கூடாது' இரண்டும் தவறு.

பார்க்க வேண்டியது இரண்டு விஷயம்: எவ்வளவு நேரம், எத்தனை மணிக்கு? '3 மணிக்கு என்கூட படுத்தா 5 மணிக்குத்தான் எழுந்திருப்பான்' என்று பாட்டி சொன்னால், 10.30 மணித் தூக்கத்துக்கான காரணம் அங்கே இருக்கலாம். தூங்கும் நேரத்தை முன்னால் கொண்டுவந்து, ஒரு மணி நேரத்துக்குள், 3.30-க்கு முன்பாக எழுப்பிவிட்டால் இரவுத் தூக்கம் தப்பும். பள்ளி விட்டு வரவே 3.30 ஆகும் பிள்ளைக்குத் தூக்கம் சொக்கினால், அரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பாட்டி, தாத்தா பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இதை ஒரு குறையாகச் சொல்லாமல், திட்டத்தில் அவர்களையும் சேர்த்துக்கொள்வதுதான் வழி. 'அத்தை, 3.30-க்கு எழுப்பிடுங்க, மாலை பார்க்குக்குக் கூட்டிட்டுப் போகலாம்' என்றால் வேலை முடிந்தது. மாலையில் ஓடியாடினால் இரவுத் தூக்கம் தானாக வரும். இந்த வயதுக்கு ஒரு நாளில் மொத்தம் 3 மணி நேர உடல் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது?

'பாவம், ஒரு நாளாவது தூங்கட்டும்' என்று ஞாயிறன்று 9.30 வரை விடுகிறோம். அன்று இரவு தூக்கம் 11.30 ஆகிறது. திங்கள் காலை 6.45-க்கு எழுப்பும்போது, பிள்ளையின் உடம்பு வேறு ஊர் நேரத்தில் இருக்கிறது. விமானம் ஏறாமலே வரும் இந்த நேரக் குழப்பத்துக்கு 'சமூக ஜெட்லாக்' என்று 2006-ல் ஆய்வாளர்கள் பெயரே வைத்தார்கள்.

விடுமுறை நாளில் அரை மணி நேரம், போனால் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால், அது வார நாட்களில் தூக்கம் போதவில்லை என்பதற்கான அறிகுறி. கடனை ஞாயிறு காலையில் அடைப்பதைவிட, சனி இரவு சீக்கிரம் படுக்கவைத்து அடைப்பது நல்லது.

ஞாயிறு இன்னொரு தகவலையும் தரும். பள்ளி இல்லாத நாளில் 6.30-க்கே தானாக எழுந்து விளையாடும் பிள்ளை, திங்களன்று மட்டும் கண்ணைத் திறக்க மறுக்கிறதா? அப்படியானால் சிக்கல் தூக்கத்தில் இல்லை. வகுப்பில் யாராவது அடிக்கிறார்களா, டாய்லெட் போகப் பயமா, வேனில் ஏதாவது தொந்தரவா, டீச்சர் மாறிவிட்டாரா? நிதானமாகப் பேச்சுக்கொடுத்துக் கேட்க வேண்டும். 'வயிறு வலிக்குது' என்று காலையில் மட்டும் சொல்வதும் இதே வகைதான். அந்தப் பிள்ளையை எத்தனை மணிக்குத் தூங்கவைத்தாலும் காலைச் சண்டை தீராது.

இரவில் என்ன வரிசை?

நேரத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க முடியாது. '8.30 ஆச்சு' என்பது நான்கு வயதுக்கு வெறும் சத்தம். ஆனால் வரிசை புரியும். சாப்பாடு, வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பு துடைப்பு அல்லது குளியல், பல் தேய்ப்பு, பாத்ரூம், விளக்கு அணைப்பு, கதை, தூக்கம். தினமும் இதே வரிசை.

2015-ல் வெளியான ஒரு ஆய்வில், இந்தியா உட்பட 14 நாடுகளைச் சேர்ந்த 10,085 தாய்மார்களிடம் விவரம் கேட்கப்பட்டது. ஐந்து வயது வரையிலான குழந்தைகள் இதில் அடங்குவர். இரவில் இப்படி ஒரு வரிசையைப் பின்பற்றும் வீடுகளில் குழந்தைகள் சீக்கிரம் படுத்து, விரைவில் தூங்கி, அதிக நேரம் தூங்கினர். வாரத்தில் எத்தனை நாள் பின்பற்றுகிறார்களோ, அந்த அளவுக்குப் பலனும் கூடியது.

தனி அறை இல்லையே என்ற கவலை வேண்டாம். பெற்றோர், பாட்டி என்று எல்லோரும் ஒரே அறையில் படுக்கும் வீட்டிலும் இது நடக்கும். பிள்ளை தூங்கும் அந்த அரை மணி நேரம் மட்டும் பெரிய விளக்கை அணைத்து, டி.வி. சத்தத்தைக் குறைத்தால் போதும். மே மாதப் புழுக்கத்தில் தூக்கம் தள்ளிப்போவது இயல்பு. பருத்தித் துணி, ஃபேன் காற்று, கொசுவலை மூன்றும் இருந்தால் பாதிப் புரளல் குறையும்.

எழுப்புவதிலும் ஒரு முறை இருக்கிறது

ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும் மூளை முழுதாக விழிக்கச் சிறிது நேரம் எடுக்கும். அந்த மந்தமான நேரத்தில் கேள்வி, கட்டளை, மிரட்டல் எதுவும் உள்ளே போகாது. அழுகைதான் வெளியே வரும்.

* வேண்டிய நேரத்துக்கு 5 முதல் 10 நிமிடம் முன்பே ஜன்னல் திரையை விலக்குங்கள், ஃபேனைக் குறையுங்கள்.
* பெயர் சொல்லி, முதுகைத் தடவி எழுப்புங்கள். டியூப்லைட்டைத் திடீரென்று போடுவதும் போர்வையை உருவுவதும் வேண்டாம்.
* எழுந்ததும் செய்ய ஒரு சின்ன வேலை கொடுங்கள்: செடிக்குத் தண்ணீர், காக்கைக்குச் சோறு, பால் பாக்கெட் எடுத்து வருவது.
* 'இதுவா, அதுவா?' என்று தேர்வு கொடுங்கள். 'எழுந்திருக்கிறியா?' என்றால் 'மாட்டேன்'தான் பதில். 'நடந்து வர்றியா, தூக்கிட்டுப் போகவா?' என்றால் இரண்டு பதிலும் நமக்குச் சாதகம்.
* மொபைலை லஞ்சமாகக் கொடுக்காதீர்கள். ஒரு வாரத்தில் அதுவே புதுச் சண்டையாகும்.
* யூனிஃபார்ம், ஐ.டி. கார்டு, ஷூ, பேக் எல்லாம் முந்தைய இரவே எடுத்துவையுங்கள். அங்கே மிச்சமாகும் 15 நிமிடம் பிள்ளையின் தூக்கக் கணக்கில் சேரும்.

வேன் ரூட்டையும் ஒருமுறை பாருங்கள். 8.45-க்குத் தொடங்கும் பள்ளிக்கு, முதல் ஸ்டாப் என்பதால் 7.30-க்கே ஏறும் பிள்ளைகள் உண்டு. காலையில் மட்டும் நேரில் கொண்டுபோய் விட முடிந்தால், அரை மணி நேரத்துக்கு மேல் தூக்கம் கிடைக்கும்.

5 மணிக்கே எழுந்து உட்காரும் பிள்ளைகள்

சில வீடுகளில் கதை தலைகீழ். விடியற்காலை 5 மணிக்கே எழுந்து, 'விளையாடலாம் வா' என்று எல்லோரையும் எழுப்பும். இரவு 8 மணிக்குத் தூங்கி, மொத்தம் 10 மணி நேரத்துக்கு மேல் வந்து, பகலில் உற்சாகமாக இருந்தால் அது அந்தப் பிள்ளையின் இயல்பு. தள்ளிப்போட வேண்டும் என்றால் இரவுத் தூக்கத்தைக் கால் மணி நேரம் வீதம் பின்னால் நகர்த்தலாம்.

ஜன்னல் வழி வெளிச்சம், பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம், பால்காரர் பெல் ஆகியவையும் காரணமாகலாம். முக்கியமாக, 5 மணிக்கு எழுந்ததும் மொபைல் கிடைக்கிறது என்றால், நாளையும் 5 மணிக்கு எழும். 6 மணி வரை விளக்குப் போடாமல், விளையாட்டுக்கு அழைக்காமல், 'இன்னும் ராத்திரிதான்' என்று அமைதியாகப் பக்கத்தில் படுத்திருப்பதே மருந்து. நேரம் வந்ததும் நிறம் மாறும் குழந்தைகள் கடிகாரம் இருந்தால், 'பச்சை வந்தா எழுந்திருக்கலாம்' என்று பழக்கலாம்.

டாக்டரைப் பார்க்க வேண்டியது எப்போது?

நேரத்தைச் சரிசெய்து, போதுமான அளவு தூங்கியும் பிள்ளை சோர்வாகவே எழுந்தால், தூக்கத்தின் தரத்தைப் பார்க்க வேண்டும். கீழ்க்காணும் அறிகுறிகள் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்:

* சளி இல்லாத நாட்களிலும், வாரத்தில் பல இரவுகள் குறட்டை
* வாயைத் திறந்து மூச்சு விடுவது, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது (அடினாய்டு, டான்சில் வீக்கம் காரணமாகலாம்)
* 'கால் குடையுது' என்று இரவில் காலை உதைத்துக்கொண்டே இருப்பது (இரும்புச்சத்துக் குறைபாட்டோடு தொடர்பு இருக்கலாம்)
* வகுப்பில் அடிக்கடி தூங்கிவிடுவதாக டீச்சர் சொல்வது
* ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. போன்ற நிலைகளோடு சேர்ந்த தூக்கச் சிக்கல்

ஆன்லைனில் மிட்டாய் வடிவில் கிடைக்கும் மெலடோனினை டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. 'குடிச்சா நல்லா தூங்குவான்' என்று சளி, அலர்ஜி சிரப்பைக் கொடுப்பதும் ஆபத்து.

பள்ளி நேரத்தையே மாற்றினால்?

எல்லாப் பாரத்தையும் பெற்றோர் தலையிலேயே வைப்பது நியாயமா என்ற கேள்வியும் இருக்கிறது. மகாராஷ்டிராவில் 2023 டிசம்பரில் அப்போதைய ஆளுநர் ரமேஷ் பைஸ், குழந்தைகளின் தூக்கத்தைக் கருதிப் பள்ளி நேரத்தை மாற்ற வேண்டும் என்று பேசினார். 2024 பிப்ரவரியில், மழலையர் வகுப்பு முதல் 4-ம் வகுப்பு வரை காலை 9 மணிக்கோ அதற்குப் பிறகோதான் வகுப்பு தொடங்க வேண்டும் என அந்த மாநில அரசு உத்தரவிட்டது. பிள்ளைகள் தாமதமாகத் தூங்குகிறார்கள் என்பதை ஓர் அரசு கணக்கில் எடுத்துக்கொண்டதற்கு இது ஓர் உதாரணம்.

ஆனால் 9 மணிப் பள்ளியும் 11.30 மணித் தூக்கத்தை ஈடுசெய்யாது. கடைசியில் சாவி வீட்டு ஸ்விட்ச் போர்டில்தான் இருக்கிறது.

நடுவில் ஒரு கல்யாணம், ஊர்ப் பயணம், காய்ச்சல், தீபாவளி வரும். எல்லாம் குலையும். குலையட்டும். ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, பழைய நேரத்துக்கே எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போனால் மூன்று, நான்கு நாளில் பழைய தாளத்துக்கு வந்துவிடும்.

இரண்டு வாரம் கழித்தும், ஏதோ ஒரு திங்கள்கிழமை அந்தக் குரல் கேட்கும்: "இன்னும் அஞ்சு நிமிஷம்மா..."

கேட்டால் கொடுத்துவிடுங்கள். அதற்காகத்தான் 6.45-க்குப் பதில் 6.40-க்கு எழுப்பச் சொல்வது!